சி நிரலில் சீரியல் போர்ட்டைப் படிப்பது எப்படி? 3எஃப்8 முகவரிக்கு அவுட்போர்ட்பி போட்டால் ஏன் வேலை செய்யவில்லை?

அவுட்போர்ட்பி (போர்ட்டுக்கு நேரடியாக ஒரு பைட் எழுதும் பழைய சி கட்டளை), 3எஃப்8 (முதல் சீரியல் போர்ட்டின் முகவரி) என்று கேட்டிருப்பதைப் பார்த்தால் பழைய லேப் கையேட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அதில் படித்தவன்தான். டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் அது சரி. இப்போதைய விண்டோஸும் லினக்ஸும் சாதாரண நிரலைப் போர்ட் முகவரி பக்கமே விடாது. யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டிருந்தால் அது 3எஃப்8 முகவரியில் இருக்கவே இருக்காது. போர்ட்டை ஃபைல் போலத் திறக்க வேண்டும்: லினக்ஸில் ஓப்பன், விண்டோஸில் கிரியேட்ஃபைல். உபுண்டுவில் அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

திறப்பது சுலபம். செட்டிங்கில்தான் எனக்கு இரண்டு நாள் போனது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை நிறுக்கும் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலை. 9600 வேகம், 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கக் கூடவே வரும் ஒரு பிட்) இல்லை என்று வைத்தேன். 36.5 கிலோ சரியாக வருகிறது, 24.8 வைத்தால் குப்பை. கேபிளை மாற்றினேன், கன்வர்ட்டரை மாற்றினேன், மழை ஈரமோ என்றுகூட நினைத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரி. 1, 2, 4, 7, 8 எப்போதும் குப்பை.

அப்புறம்தான் பிடிபட்டது. எழுத்தை பிட்டுகளாக்கும் ஆஸ்கி குறியீட்டில் 3க்கு நான்கு ஒன்றுகள், 1க்கு மூன்று. தராசு 7 பிட், இரட்டைப் பாரிட்டியில் அனுப்புகிறது; அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி பாரிட்டி பிட்டைச் சேர்க்கிறது. ஒன்றுகள் ஒற்றைப்படையாக உள்ள எழுத்துக்கெல்லாம் எட்டாவது பிட் ஏறி, 1க்கு ஹெக்ஸில் 31 வர வேண்டிய இடத்தில் பி1 வந்திருக்கிறது. லினக்ஸில் போர்ட் செட்டிங்கை வைக்கும் டெர்மியோஸில் சிஎஸ்8ஐ (8 பிட்) எடுத்துவிட்டு சிஎஸ்7 (7 பிட்) வைத்து, பாரிட்டியை இயக்கியதும் எல்லா எண்ணும் வந்துவிட்டது.

பைத்தானில் இது மூன்று வரி என்று சொல்ல வருவார்கள். அங்கிருந்த மற்ற நிரல் முழுக்க சியில் இருந்தது. பைத்தானில் எழுதியிருந்தாலும் பாரிட்டி தப்பென்றால் இதே குப்பைதான் வந்திருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்களுக்கும் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. அம்மா இலை மூட்டையைக் கொண்டுபோய் நிறுத்தால், நிறுப்பவர்கள் முழுக் கிலோவை மட்டும் எழுதுவார்கள், அரைக் கிலோவும் முக்கால் கிலோவும் போய்விடும். கேட்டால், "இலை ஈரம்மா" என்பார்கள். வருஷம் முழுக்க இப்படிப் போனது எவ்வளவு கிலோ என்று யாரிடம் கேட்பது? நான் எழுதிய நிரலில் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணும் ரசீதில் அச்சாகும்.