1952-இல் வெளிவந்த ‘தி நாரோ மார்ஜின்’ என்ற நுவார் (இருண்ட தொனி கொண்ட குற்றக்கதை) படத்தில் ரசிக்க என்ன இருக்கிறது?

ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய இந்த 71 நிமிடப் படம், பெரிதாகப் பேசப்படாவிட்டாலும், சிக்கனத்தின் வலிமையை இதைவிட நன்றாக உணர்த்தும் குற்றப்படம் அரிது என்றே நான் கருதுகிறேன். இறந்துபோன குற்றக்கும்பல்காரன் ஒருவனின் மனைவியைச் சாட்சி சொல்வதற்காகச் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு ரயிலில் அழைத்துச் செல்லும் துப்பறிவாளர், அவளைக் கொல்ல அதே ரயிலில் ஏறியிருப்பவர்களிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும், கதை அவ்வளவுதான்.

படத்திற்கெனப் பின்னணி இசை அமைக்கப்படவில்லை என்பதால், சக்கரங்களின் தடதடப்பும் ஊதல் ஒலியுமே பதற்றத்தை வளர்க்கின்றன. குறிப்பாக, அந்த மனைவியாக வரும் நடிகை மேரி விண்ட்சர் அரத்தால் நகத்தைத் தேய்க்கும் காட்சி, ஓடும் ரயிலின் சக்கரங்களுக்குத் தாவும் அந்த ஒரு படத்தொகுப்பு வெட்டை ஒலியோடு சேர்த்துக் கவனியுங்கள். குறுகிய நடைவழியும் ஜன்னல் கண்ணாடியில் விழும் பிம்பங்களும் வெறும் அலங்காரமாக நில்லாமல், இறுதிவரை கதையையே நகர்த்துகின்றன.