பழைய ஜீப்புக்குப் பின்னாலும் டிஸ்க் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது 1989 மாடல் மஹிந்திரா டீசல் ஜீப். போடிமெட்டு வழியாக எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வாரம் மூன்று நாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிறேன். முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கும் பூஸ்டரும் போட்டு நாலு வருஷம் ஆகிறது, பின்னால் இன்னும் டிரம்தான். மலை இறங்கும்போது கடைசி வளைவுகளில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. பின்னாலும் டிஸ்க் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: போடலாம். (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டை இரு பக்கமும் கவ்வி நிறுத்துவது, டிரம் என்பது சுற்றுகிற உருளைக்குள் ஷூக்கள் விரிந்து உரசி நிறுத்துவது.) ஆனால் நீங்கள் சொல்கிற கோளாறு அதனால் தீராது என்று நினைக்கிறேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. மேலே நன்றாகப் பிடித்த பிரேக் அடிவாரம் வரும்போது பிடிக்கவில்லை என்றால் அது சூடு. அடுத்த தடவை இறங்கும்போது பெடலைக் கவனியுங்கள். பஞ்சுபோல அமுங்கிக் கீழே போகிறதா? அப்படியென்றால் பிரேக் ஆயில் கொதிக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் பிடிக்கவில்லையா? அப்போது டிஸ்க்கைக் கவ்வுகிற பேடோ, டிரம்மில் உரசுகிற ஷூவின் லைனிங்கோ சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது, அல்லது மிதிக்கிற பலத்தைக் கூட்டிக்கொடுக்கிற பூஸ்டர் வேலை செய்யவில்லை. டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை (வெற்றிட இழுப்பை) தனி பம்புதான் கொடுக்க வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140தான். டிஸ்க் போட்ட நாளிலிருந்து ஆயிலை மாற்றவே இல்லை என்றால் முதல் வேலை அதுதான். அப்புறம், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடுவது, எஞ்சினை அணைப்பது இரண்டும் கூடவே கூடாது. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டி அது.

டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். ஷூக்களைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கும், ஷூ இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், டிரம் உள்ளே படிபோலத் தேய்ந்திருக்கும். சில ஆயிரம் ரூபாயில் இதெல்லாம் சரியாகும். ஒழுங்காகச் செட் செய்த பின் டிரம் உங்கள் பாதைக்குப் போதும் என்பதுதான் என் முடிவு.

சரி, வருஷம் பூராவும் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் ஓடுகிற வண்டி என்றால் டிஸ்க்குக்கு நியாயம் உண்டு. தண்ணீரை உடனே உதறிவிடும், பேடு எவ்வளவு தேய்ந்தது என்று சக்கரத்தைக் கழற்றினாலே தெரியும். ஆனால் இதை வெறும் கேலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம்) மாற்றுகிற வேலையாக நினைத்துச் செய்கிறார்கள், தப்பு அங்கேதான் நடக்கிறது. டிரம்முக்குள் முன் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானாகவே இழுபட்டு இறுகும், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதனால் அதிக அழுத்தம் கேட்கும், கேலிப்பர் பிஸ்டன் பெரியது என்பதால் அதிக ஆயிலும் கேட்கும். பெடல் ரொம்பக் கீழே போகிறதே என்று முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற உருளை) பதில் ஒரு அங்குலம் போட்டால், அதே மிதிக்கு 1.78 மடங்கு ஆயில் தள்ளும், ஆனால் அதே பலத்துக்கு அழுத்தம் 56 சதவீதமாக இறங்கிவிடும். டிரம் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கிவைக்கிற சின்ன வால்வு ஒன்று சில மாஸ்டர் சிலிண்டர்களுக்குள் இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பேடு உரசிக்கொண்டே ஓடும், எந்தச் சூட்டுக்குப் பயந்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கின மாதிரி ஆகும்.

பின் கேலிப்பர் முன்னதைவிடச் சிறியதாக இருக்கட்டும், பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற திருகு வால்வு ஒன்றும் வேண்டும். வேலை முடிந்ததும் ஆள் இல்லாத மண் தரையில், வண்டியைக் காலியாக வைத்து 30 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதியுங்கள். முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின் சக்கரம் முந்தினால், மழையில் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

என் ஜீப்புக்கு இந்த வேலையைச் செய்த பட்டறையில் இடது கேலிப்பரை வலது பக்கம் மாட்டிவிட்டார்கள். ஏர் எடுக்கிற நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விட்டது, காற்றோ மேலேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் ஏர் எடுத்தும் பெடல் நிற்கவே இல்லை. நிப்பிள் மேலே பார்த்து இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

ஹேண்ட்பிரேக்கை மறந்துவிடாதீர்கள். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்களில் அது டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் சக்கரங்களுக்கு எஞ்சின் பலத்தைப் பிரிக்கிற பெட்டி) பின்னால் தனி டிரம்மாக இருக்கும், அப்படியிருந்தால் தொல்லை இல்லை. (பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் மட்டும் அந்த ஹேண்ட்பிரேக் நிற்காது, இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றும், வண்டி நகரும். கட்டை கொடுக்காமல் தூக்கவே தூக்காதீர்கள்.) சக்கரத்து டிரம்மிலேயே கேபிள் இழுக்கிற வகை என்றால், லீவர் உள்ள கேலிப்பர்தான் வாங்க வேண்டும். ஆயிலை அடைத்து நிறுத்துகிற லைன் லாக்கை ஹேண்ட்பிரேக்காகப் பயன்படுத்தாதீர்கள், அழுத்தம் மெல்ல மெல்லக் கசிந்து விடிவதற்குள் வண்டி உருண்டுவிடலாம்.

கேள்வி: ஜிப்ஸி வைத்திருக்கிறேன். ஓடையைக் கடந்து ஏறினதும் பின் பிரேக் பிடிப்பதே இல்லை, கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிடுகிறது. டிரம்மை மாற்ற வேண்டுமா?
– வாசகர், மசினகுடி

பதில்: வேண்டாம், உள்ளே புகுந்த தண்ணீர்தான் காரணம். கரையேறினதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாக அழுத்திப் பிடியுங்கள், உரசல் சூட்டில் லைனிங் காய்ந்துவிடும். அது காயும்வரை இறக்கத்தில் இறங்காதீர்கள். சேற்றுத் தண்ணீர் என்றால் அந்த வாரமே டிரம்மைக் கழற்றிக் கழுவுங்கள், உள்ளே தங்குகிற மணல் லைனிங்கையும் டிரம்மையும் சேர்த்து அரைத்துவிடும்.

கேள்வி: டிரம்முக்குப் பதில் டிஸ்க் போட்டால் ஆர்டிஓவில் பிரச்சினை வருமா?
– வாசகர், சேலம்

பதில்: வரலாம். ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். சொந்த வண்டிக்கு 15 வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியைப் பார்ப்பார்கள். அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன்பே ஆர்டிஓவில் எழுத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.