பாரம் தானாக நிற்காது: மலைநாட்டு லொறிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் திறந்த தட்டு லொறி ஓட்டியிருக்கிறேன். தேயிலை பெக்டரி ரோலர், ஜெனரேட்டர், ஹியூம் பைப், மரக்கட்டை, கம்பி எல்லாம் ஏற்றி இறக்கிய கை. பாரம் கட்டுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, 4 தொன் மெஷின் ஒன்றை ஏற்றினால் அதன் பாரமே அதைப் பிடித்து வைக்காதா? கட்டவே தேவையில்லை, அசையாது என்கிறார் எங்கள் முதலாளி.

தம்பி, இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். நான் கிளீனராக இருந்த காலத்தில் ஒரு பழைய ரோலரை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை இறக்கத்தில் போனோம். கட்டியது ரெண்டே ரெண்டு நைலோன் கயிறு. வளைவில் எதிரே பஸ் ஒன்று வந்ததும் டிரைவர் பிரேக்கை அழுத்தினார், ரோலர் ஒரு அடி முன்னால் வந்து, கெபினுக்குப் பின்னால் தட்டில் நிற்கும் முன் தடுப்பில் மோதியது. தடுப்பு வளைந்து என் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி நொறுங்கியது. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். கொஞ்சம் வேகமாகப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பாரம் கூடினால் தட்டில் பிடிமானம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே அளவுக்குத் தள்ளும் விசையும் கூடுகிறது, அதனால் 400 கிலோ பெட்டி வழுக்கும் இடத்தில் 4 தொன் மெஷினும் வழுக்கும். சடுதியாகப் பிரேக் போட்டால் பாரத்தின் எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணக்குப் போடுகிறார்கள், பக்கத்துக்கும் பின்னுக்கும் 0.5 பங்கு. 4 தொன்னுக்கு முன்னால் 3.2 தொன். நம் பக்கம் 10 வீத இறக்கங்கள் சாதாரணம், அங்கே லொறி சும்மா நின்றாலே அந்த 4 தொன்னில் 400 கிலோ முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த லோடை எடுக்காதீர்கள்.

பதுளையிலிருந்து: ரெச்செட் பெல்ட்டில் 5000 என்று போட்டிருக்கிறது. ரெண்டு பெல்ட் போட்டால் 10 தொன் தாங்கும்தானே?

இல்லை ஐயா, நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். அந்த 5000 என்பது பெல்ட்டைச் சுற்றிப் போட்டு இழுக்கும்போது அது தாங்கக்கூடிய விசை, நேராக இழுத்தால் அதில் பாதி, 2500. மேலே போட்டுக் கட்டும்போது வேலை செய்வது அது அல்ல, கைப்பிடியை இழுத்து நீங்கள் கொடுக்கும் இறுக்கம்தான். சாதாரண 50 மில்லிமீற்றர் பெல்ட்டில் கையால் வருவது 300 கிலோ அளவு. கையால் வரும் இந்த இறுக்கத்தை லேபிளில் எஸ்டிஎஃப் (STF) என்று தனியாக ஒரு எண்ணாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

அதே 4 தொன் மெஷின், அடியில் மரச்சட்டம், தட்டும் மரம், ரெண்டும் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிடிமானம் ஏறத்தாழ 0.4, அதாவது தட்டை அமுக்கும் எடையில் 0.4 பங்கு அளவுக்கு உராய்வு தடுத்து நிற்கும். முன்னால் எதுவும் தடுக்காமல் மேலே பெல்ட் போட்டு மட்டும் நிறுத்தப் பார்த்தால் இன்னொரு 4 தொன் அளவுக்குக் கீழே அமுக்க வேண்டும். ஒரு பெல்ட் ரெண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோ அமுக்கும், அப்போது 7 பெல்ட். யார் 7 பெல்ட் போடுகிறார்கள்? ஆனால் மெஷினை முன் தடுப்போடு ஒட்ட வைத்தால், அல்லது நடுவில் இடைவெளி விடாமல் கனமான மரக்கட்டை வைத்து அடைத்தால், முன்னால் போகும் விசையைத் தடுப்பே வாங்கிக்கொள்ளும் (தடுப்பு உறுதியாக இருக்க வேண்டும், துருப்பிடித்த தகரத்தை நம்பாதீர்கள்). மிச்சம் இருப்பது பக்கமும் பின்னும் மட்டும், அதற்கு ஒரு தொன் அமுக்கினால் போதும், கணக்குக்கு 2 பெல்ட், நான் போடுவது 3. அடியில் நல்ல ரப்பர் விரிப்புப் போட்டால் பிடிமானம் 0.6 வரை ஏறும், தடுப்பு இல்லாத நிலையிலேயே 7 பெல்ட் 3 ஆகக் குறைந்துவிடும்.

அதனால்தான் என்னோடு வேலை செய்த பையன்களுக்கு எப்போதும் சொன்னது: முதலில் அடை, அப்புறம் கட்டு.

அதே அன்பர்: பெல்ட் சாய்வாகப் போனால்?

தட்டோடு 90 பாகையில் நிற்கும் பெல்ட்தான் முழுசாக அமுக்கும். 30 பாகைக்குச் சாய்ந்தால் பாதிதான். உயரம் குறைந்த அகலமான சாமானை மேலால் கட்டுவது அதனால் வீண், அதை நாலு மூலையிலும் தட்டின் வளையத்தோடு நேரடியாக இழுத்துக் கட்டுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: வளைவில் எவ்வளவு வேகம் போகலாம் அண்ணே? லோட் ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும், பயம்.

பயப்படுவது நல்லதுதான். நம் பக்கத்து இறுக்கமான வளைவு ஒன்றின் ஆரம் 15 மீற்றர் என்று வையுங்கள். மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் பாரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வெளிப்பக்கம் தள்ளும். 30இல் போனால் கிட்டத்தட்ட பாதி. பத்து கிலோமீற்றர் கூடினதுக்கு விசை ரெண்டு மடங்குக்கும் மேல்! இறம்பொடையிலும் பெரகலையிலும் பழகினவர்கள் வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பது இதனால்தான், வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடித்தால் முன்னாலும் பக்கத்திலும் ஒரே நேரத்தில் இழுக்கும். சாய்கிற மாதிரி தெரிந்தால் லோட் உயரமாக இருக்கிறது அல்லது நடுவில் இல்லை. கனமானது கீழே, நடுக்கோட்டில். ரொம்பப் பின்னால் தள்ளி ஏற்றவும் வேண்டாம், ஏற்றத்தில் முன் சில்லு லேசாகி ஸ்டியரிங் பிடி போய்விடும்.

வெலிமடையிலிருந்து: கம்பிக் கட்டு ஏற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

20 அடி நீளமுள்ள 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்று 5.4 கிலோ, நூறு கம்பி சேர்ந்தால் அரைத் தொன்னைத் தாண்டிவிடும். இரும்புக்கு மேல் இரும்பு வைத்தால் பிடிமானம் 0.1, 0.2 அளவுதான், மழையில் நனைந்து எண்ணெயும் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மேலால் எத்தனை பெல்ட் போட்டாலும் கட்டின் நடுவில் இருக்கும் கம்பிகள் பிடிபடாது, பிரேக் போட்டால் அவை மட்டும் ஈட்டி மாதிரி முன்னால் வரும், கெபினில் இருப்பவர்களின் முதுகுக்கு நேராக. கம்பியில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கம்பிக் கட்டைச் சுற்றிப் பெல்ட்டை ஒரு முழுச் சுற்றுப் போட்டு நெரித்துக் கட்ட வேண்டும், கட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் மரச்சட்டம் போட வேண்டும், கம்பி முனைகள் முன் தடுப்பைத் தொட்டு நிற்க வேண்டும். தடுப்பின் உயரத்துக்கு மேல் ஒரு கம்பிகூட ஏற்ற வேண்டாம். பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு.

ஹப்புத்தளையிலிருந்து: ஹியூம் பைப் உருளாமல் இருக்க?

ஒவ்வொரு பைப்புக்கும் ரெண்டு பக்கமும் ஆப்பு, பைப்பின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உயரத்தில், தட்டில் ஆணி அடித்து. கல்லை முட்டுக் கொடுப்பதை இன்னும் பார்க்கிறேன், தயவு செய்து வேண்டாம், ஒரு குழியில் குலுங்கினால் கல் தெறித்துவிடும். ஆப்புக்குப் பிறகுதான் கட்டு.

பொகவந்தலாவையிலிருந்து: யூகலிப்டஸ் கட்டை ஏற்றுகிறோம், பெக்டரி விறகுக்கு. பக்கத்துக் கம்பங்கள் இருக்கின்றன, போதுமா?

பச்சைக் கட்டை ஒரு கன மீற்றர் ஏறத்தாழ ஒரு தொன் வரும், கண்ணால் பார்த்து மதிப்பிடுகிறவர்கள் எப்போதும் குறைத்தே சொல்வார்கள். பட்டை உரிந்த கட்டை மழையில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். வெளி ஓரத்துக் கட்டைகள் கம்பத்தின் உச்சியைத் தாண்டக் கூடாது, நடுவை மட்டும் கொஞ்சம் மேடாக்குங்கள், அப்போதுதான் மேலே போடும் பெல்ட் எல்லாவற்றையும் அமுக்கும். தடித்த முனையை ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். குட்டைக் கட்டைகளை மேலே வீசிவிட்டு மேலால் ஒரு படங்கைப் போட்டு மூடினால் அது கட்டு ஆகாது.

நுவரெலியாவிலிருந்து: பெக்கோ, சின்ன எக்ஸ்கவேட்டர் ஏற்றுவதற்குப் பெல்ட் சரிவருமா?

சங்கிலி. நாலு மூலைக்கும் தனித்தனியாக, முன்னால் ரெண்டும் பின்னால் ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிற மாதிரி. கிரேட் 80 என்று அடையாளம் அடித்த சங்கிலி வாங்குங்கள், 8 மில்லிமீற்றர் 4 தொன் வரையும் 10 மில்லிமீற்றர் 6.3 தொன் வரையும் தாங்கும். மாடு கட்டும் சங்கிலி, கிணற்றுச் சங்கிலி எல்லாம் இதற்கு ஆகாது. ஏற்றுவதற்கு முன் எக்ஸ்கவேட்டர் ஓடும் செயினில் (சில்லுக்குப் பதில் இருக்கும் இரும்புப் பட்டையில்) ஒட்டிய சேற்றைக் கழுவிவிடுங்கள், இரும்புச் செயின் இரும்புத் தட்டில் நேராக நிற்கக் கூடாது, நடுவில் பலகை போடுங்கள். பக்கெட்டை இறக்கித் தட்டில் ஊன்றி அதற்கும் தனியாக ஒரு சங்கிலி. ஹைட்ரோலிக்கை மட்டும் நம்பாதீர்கள்.

கொத்மலையிலிருந்து: பெல்ட் கொஞ்சம் கிழிந்தால் முடிச்சுப் போட்டுப் பாவிக்கலாமா?

கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியாகப் போய்விடும். வெட்டுப்பட்டது, லேபிள் அழிந்தது ரெண்டையும் வீசிவிடுங்கள். கூரான விளிம்பில் படும் இடத்தில் தடித்த டயர் ரப்பரை மடித்து வைத்தால் பெல்ட் பல வருஷம் வரும். நைலோன் கயிறு நனைந்தால் நீளும், காலையில் இறுக்கியது வட்டவளை மழைக்குள் போனதும் தளர்ந்திருக்கும், அதனால் பாரச் சாமானுக்கு நான் கயிறே எடுப்பதில்லை.

பூண்டுலோயாவிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எங்கள் அப்பா தோட்டத்தில் விறகு ஏற்றும் வேலை. வேலை முடிந்ததும் விறகுக்கு மேலேயே உட்கார்ந்து வருகிறார், ஐந்தாறு பேர் சேர்ந்து. கட்டியிருக்கிறார்கள் என்று அப்பா சொல்கிறார். பயமாக இருக்கிறது.

தங்கச்சி, நீங்கள் பயப்படுவது சரி. கட்டியிருந்தாலும் மேலே ஆள் உட்காரக் கூடாது. பெல்ட் விறகைப் பிடிக்கும், உங்கள் அப்பாவைப் பிடிக்காது. ஒரு வளைவில் வெளியே தள்ளும் அந்த விசை ஆளுக்கும் அதேதான், பிடித்துக்கொள்ளக் கையில் ஒரு கட்டைதான் இருக்கும், அந்தக் கட்டையும் அசையும். நடந்து வந்தால் நேரமாகும், மழை, களைப்பு, நாள் முழுக்க வேலை செய்த உடம்பு, எல்லாம் எனக்குத் தெரியும், என் அப்பாவும் அப்படித்தான் வந்தவர். ஆனால் இது அவர் தலையில் போடுகிற பொறுப்பு அல்ல. லொறிக்காரர் ஏற்றக் கூடாது, ஆட்களைத் திருப்பிக் கொண்டுவர வேறு வண்டி கொடுப்பது வேலை கொடுத்தவர் கடமை. அப்பா தனியாகப் போய்க் கேட்டால் சிரமம், அந்த ஐந்தாறு பேரும் சேர்ந்து தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கட்டும். இதை வாசிக்கும் டிரைவர் தம்பிகளே, ஆள் மேலே ஏறினால் சாவியைத் திருப்பாதீர்கள்.

ஹட்டனிலிருந்து: ஒருமுறை இறுக்கினால் கொழும்பு வரை போதுமா?

போதாது. புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் லோட் குலுங்கி உட்காரும், பெல்ட் தளரும். ஹட்டனில் ஏற்றினால் நான் வட்டவளையில் நிறுத்தி ஒருமுறை இறுக்குவேன், கினிகத்தேனையில் இறக்கம் தொடங்குவதற்கு முன் இன்னொருமுறை, கித்துல்கலையில் தேநீருக்கு நிற்கும்போது கையால் தட்டிப் பார்ப்பேன். இறுகிய பெல்ட் தட்டினால் டண் என்று கேட்கும், தளர்ந்தது சத்தமில்லாமல் ஆடும். ஆப்பு, கட்டை எல்லாம் நகர்ந்திருக்கிறதா என்று குனிந்தும் பாருங்கள், மழை பெய்தால் இன்னும் ஒரு தடவை கூடுதலாக.