வீட்டில் ஹாலோவீன் பார்ட்டியை அலட்டிக்கொள்ளாமல் நடத்துவது எப்படி?

அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஏழு வயது மகள் தோழிகளை ஹாலோவீனுக்கு வீட்டுக்கு அழைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், பெரிய செலவும் மண்டைக் குடைச்சலும் இல்லாமல் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தனி வீடா, அடுக்ககமா என்று சொல்லவில்லை. அடுக்ககம் என்றே வைத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது என்றும், போகிற வழியில் யாரோ ஒருவர் வீட்டுப் புல்தரையில் 12 அடி எலும்புக்கூடு நிற்பதைப் பார்த்துவிட்டு மகள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள் என்றும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான். அந்த உயர எலும்புக்கூடு அப்போது கடைக்கு வரவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதலில் 2018இல் நான் செய்ததைச் சொல்கிறேன். அதில் எதையும் செய்யாமல் இருந்தாலே உங்கள் பார்ட்டி பாதி தேறிவிடும்.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வீடு வாங்கிய முதல் வருடம் அது. மூத்தவனுக்கு எட்டு வயது. புது வீட்டுக்காரனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்திருந்தது. 22 பிள்ளைகளை அழைத்தேன். தம்பி தங்கைகள், பெற்றோர்கள், ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மாமியார் என்று ஐம்பது பேர் வந்து இறங்கினார்கள். பேஸ்மெண்டைப் பேய் வீடாக மாற்ற மூன்று வாரம் உழைத்திருந்தேன். கறுப்புத் துணி, பஞ்சுச் சிலந்தி வலை, பக்கத்தில் போனால் அலறுகிற தலை, இவை போதாதென்று நாற்பது டாலருக்கு ஒரு புகை இயந்திரம். சாப்பாடும் பயமுறுத்த வேண்டும் என்று நூடுல்ஸில் கறுப்புச் சாயம் கலந்தேன். உணவில் சேர்க்கிற சாயம்தான், பதற வேண்டாம். பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. மரியாதைக்காகத் தின்ற இரண்டு அப்பாக்கள் மட்டும் பல் கறுத்துப்போய், வாயைப் பொத்திக்கொண்டே வீட்டு விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புகை இயந்திரத்தை முடுக்கிய நான்காவது நிமிடம் பேஸ்மெண்டில் ஸ்மோக் அலாரம் அடித்தது. இந்தப் புகைக்கும் தீப்புகைக்கும் அந்தக் கருவிக்கு வேறுபாடு தெரியாது. புதிய வீடுகளில் எல்லா அலாரங்களையும் ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். ஒன்று அடித்தால் வீடு முழுக்க அடிக்கும். நான் ஸ்டூலின் மேல் நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தபோது, அலாரத்தைக் கண்காணிக்கும் நிறுவனத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள். போன் மேலே சமையலறையில் கிடந்தது. எடுக்க ஆளில்லை. அழுகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றபோது, தெருமுனையில் தீயணைப்பு வண்டி திரும்பியது.

அழுகை நின்றது. அந்த வண்டியும், ஹெல்மெட்டும் முதுகில் காற்று உருளையுமாக அதிலிருந்து இறங்கியவர்களும் நான் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்றே பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் என் மகன் வண்டியைத்தான் சொல்வான். மூன்று வாரம் ஒட்டிய சிலந்தி வலை அவன் நினைவிலேயே இல்லை.

‘புகை இயந்திரத்தை முறையாகப் பயன்படுத்தினால் ஒன்றும் ஆகாது’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: சரி, நீங்கள் கெட்டிக்காரர்கள். முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலர்பனிக்கட்டியைப் பாத்திரத்தில் போட்டால் புகை அழகாக வருமே என்று யாராவது ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள். அதன் குளிர் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், தொட்டால் தோல் வெந்துவிடும். மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு மூச்சை அடைக்கும். ஏழு வயதுப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் அது எதற்கு?

அதன் பிறகு ஆறு வருடம் என் வீட்டில் ஹாலோவீன் என்ற பேச்சே எழவில்லை. 2024இல் இளையவள் கேட்டாள். அவளுக்கும் அப்போது ஏழு வயது. அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தன. மனைவி மருத்துவமனையில் செவிலியர், அன்று இரவுப் பணி. விடியற்காலை நாலரைக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தியிருந்தோம். மாலையில் பேய் வீடு கட்டுகிற தெம்பு என்னிடம் இல்லை. தெம்பில்லாமல் செய்ததால்தான் அது நன்றாக அமைந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எட்டுப் பிள்ளைகள். பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் மூன்றே முக்காலுக்கு ஆரம்பம், ஐந்தே முக்காலுக்கு முடிவு. முடிகிற நேரத்தை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். நம்மவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டால் இரவு பத்து மணிக்கு நீங்கள் தோசை வார்த்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். பார்ட்டி முடிகிற நேரமும், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கத் தெருவில் இறங்குகிற நேரமும் ஒன்றாகிவிடும். வீட்டைவிட்டுக் கிளப்ப நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தெருவே இழுத்துக்கொள்ளும். வாரநாளில் முடியாது என்றால் முந்தைய சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை. 2012இல் சாண்டி புயல் அடித்தபோது எங்கள் மாநில ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளிவைத்து உத்தரவு போட்டார்.

விளையாட்டுக்கு இரண்டு செருப்புப் பெட்டிகளில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டேன். ஒன்றில், இந்தியக் கடையில் உறையவைத்து விற்கிற இடியாப்பத்தை இளக்கி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி, குளிர்ச்சியாக வைத்தேன். அது குடல். இன்னொன்றில் டப்பாவில் வருகிற லிச்சிப் பழம். அது கண். இந்த ஊர்க்காரர்கள் ஸ்பகெட்டியும் தோலுரித்த திராட்சையும் வைப்பார்கள். எட்டுப் பேருக்குத் திராட்சையைத் தோலுரிக்கிற பொறுமை உங்களுக்கு இருந்தால் செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கையை விடச் சொன்னேன். வீடே அதிர்ந்தது. ஒரு பையன் மட்டும் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து மோந்து பார்த்தான், ‘லிச்சி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், மறுபடி கையை விட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற சிறுமி அவன் கண்ணைத் தின்கிறான் என்று நினைத்துப் போட்ட கூச்சல் மேல்மாடிக்குக் கேட்டிருக்கும்.

அடுத்து, ஆளுக்கு ஒரு உருளை கழிப்பறைத் தாள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவரை மற்றவர் எகிப்து மம்மி போலச் சுற்ற வேண்டும். இருபது நிமிடம் உங்களை யாரும் தேட மாட்டார்கள். மூக்கையும் வாயையும் சுற்றக் கூடாது என்று மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கடையில் வாங்கிய பீட்சா. என் பங்காகக் குட்டி இட்லி. ஒவ்வொன்றிலும் இரண்டு கண் வைத்தால் பேய் தயார். முதலில் மிளகை வைத்தேன். ஒருத்தி கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டாள். உடனே உலர்ந்த கருந்திராட்சைக்கு மாறினேன். உரித்த கமலா ஆரஞ்சின் உச்சியில் செலரித் தண்டு ஒரு துண்டு செருகினால் அச்சு அசல் பூசணிக்காய். தீபாவளிப் பலகாரத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன், மிக்சரில் முந்திரியும் வேர்க்கடலையும் இருந்ததால். இந்த ஊரில் கடலை ஒவ்வாமை விளையாட்டல்ல. வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி இருந்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதில் சின்னப் பொம்மையோ ஸ்டிக்கரோ கிடைக்கும் என்று பொருள். அழைக்கும்போதே ஒவ்வாமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மத நம்பிக்கையால் ஹாலோவீன் வேண்டாம் என்கிற குடும்பங்களும் இருக்கும். வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக, டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி வைத்து, எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து ஒரு கதை. என் ஆச்சி சொன்ன புளியமரத்து மோகினிக் கதையை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். புளியமரம் என்றால் என்ன என்று நான்கு பேர் கேட்டார்கள். மோகினியை மேப்பிள் மரத்துக்குக் குடிமாற்றினேன். கொலுசுச் சத்தத்துக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. மகளின் கொலுசைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

பூசணிக்காய்க்கு வருகிறேன். பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம். சின்னக் காய்களை வாங்கி மார்க்கரால் முகம் வரையச் சொல்லுங்கள். வெட்டிய காய் ஒரு வாரத்தில் அழுகிவிடும், வரைந்தது வாரக்கணக்கில் தாங்கும். முகம் செதுக்க விற்கிற பெரிய காயைக் கூட்டு வைக்கலாம் என்று எண்ணாதீர்கள். வெறும் நார், வெறும் தண்ணீர். விதையை மட்டும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுக்கலாம், அருமையாக இருக்கும். பெரிய காயை நீங்களே செதுக்கினால் உள்ளே தீ வேண்டாம், பேட்டரி மெழுகுவத்தி போதும். அந்த அக்டோபர் முழுக்க இங்கே மழையே இல்லை, சருகு காலடியில் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. மத்தாப்பைக்கூடக் கொளுத்தவில்லை.

‘பேயைக் கொண்டாடுவதா, நம் கலாச்சாரம் என்ன ஆவது’ என்று இந்தப் பதிலுக்குக் கீழே நிச்சயம் ஒருவர் வருவார். நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் சுடலைமாடன் சாமியாடி நள்ளிரவில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவனுக்கு, பிளாஸ்டிக் எலும்புக்கூட்டால் எந்தக் கலாச்சாரமும் கெடாது. என் அம்மாவும் முதலில் முகம் சுளித்தார். வீடியோ அழைப்பில் வாசலில் இருந்த முகம் வரைந்த காயைக் காட்டினேன். சற்று உற்றுப் பார்த்தவர், ‘திருஷ்டிப் பூசணிதானே ஐயா, இதற்கா இவ்வளவு சுற்றி வளைத்தாய்?’ என்றார். அயர்லாந்துக்காரர்கள் முதலில் டர்னிப் கிழங்கில்தான் கெட்ட ஆவியை விரட்ட முகம் செதுக்கினார்கள், இங்கே வந்த பிறகு பூசணிக்கு மாறினார்கள் என்று விளக்கினேன். ‘எல்லா ஊரிலும் கண்ணேறு உண்டு’ என்று சொல்லிவிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று கேட்கப் போய்விட்டார்.

இதைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு முதன்முறையாகத் தீபாவளி விடுமுறை விட்டார்கள், நவம்பர் 1ஆம் தேதி. எல்லாரும் பாராட்டினார்கள். நம்முடைய தீபாவளி முந்தைய நாள் விடியற்காலையே முடிந்துவிட்டது என்பதை யாரிடம் சொல்வது? என் மகளின் வகுப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள், ராமர் அயோத்தி திரும்பிய நாள் என்று. நரகாசுரனைக் காணோமே அப்பா என்று வந்து கேட்டாள். ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், பணிவாகத்தான். நன்றி என்று ஒரு வரி வந்தது. அடுத்த வருடமும் அதே தாள்தான் வந்தது. ஹாலோவீனுக்கு எத்தனை வகை மிட்டாய் என்று அறிந்து வைத்திருக்கிற ஊருக்கு, தீபாவளி ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் இருக்கும் என்பது மட்டும் ஏறவில்லை. போகட்டும்.

அன்று மகள் வேறு உடைக்கு மாறவே மாட்டேன் என்றாள். காலையில் உடுத்திய பட்டுப்பாவாடையின் மேலேயே சூனியக்காரித் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது வீட்டுப் பாட்டி என்ன வேடம் என்று கேட்டதற்கு, ‘தீபாவளிச் சூனியக்காரி’ என்றாள். பாட்டி இரண்டு மிட்டாய் கூடுதலாகப் போட்டார்.

உடைக்குச் செலவு செய்யாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். ரிட்டர்ன் கிஃப்ட் பையும் வேண்டாம், பிள்ளைகள் அன்று தெருவிலிருந்தே ஒரு கிலோ சர்க்கரையோடு திரும்புவார்கள். கழிப்பறைத் தாளை மட்டும் 12 உருளைக் கட்டாக வாங்குங்கள். மிஞ்சினாலும் வீட்டில் செலவாகிவிடும்.