பிரஷர்: இரண்டு கையிலும் பாருங்கள்

இதய நோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், பிரஷர் பற்றி வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 46 வயது. தலைவலி, தலைச்சுற்றல் எதுவும் கிடையாது. ஆபீஸ் செக்கப்பில் 148/94 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை போட வேண்டுமா?

பதில்: மாத்திரையை அப்புறம் டாக்டர் பார்த்துக்கொள்வார். முதலில் ஒரு வாரம் வீட்டில் காலை இரண்டு தடவை, இரவு இரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை, வீட்டில் 135/85. அதைத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். தலைவலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், பிரஷர் பெரும்பாலும் சத்தமே போடாது. சுமார் பத்து லட்சம் பேரின் விவரங்களைத் திரட்டி 2002இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. 40 முதல் 69 வயதுக்குள், மேல் எண் 115ஐத் தாண்டி 20 கூடக் கூட, மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறக்கும் அபாயம் இரட்டிப்பாகிறது என்று அதில் தெரிந்தது.

கேள்வி: வீட்டு மிஷினில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது. மிஷின் கோளாறா?

பதில்: கொஞ்சம் ஏற இறங்கத்தான் செய்யும். ரொம்ப மாறினால், மிஷினைவிட உட்காரும் விதத்தைத்தான் சந்தேகப்படுவேன். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, போனில் பேசிக்கொண்டே பார்ப்பவர்கள்தான் அதிகம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படிய, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து, ஐந்து நிமிடம் வாய் பேசாமல் இருங்கள். பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. இடது கையில் 132, வலது கையில் 150. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். இந்தக் கேள்வி நிறையப் பேருக்குத் தோன்றுவதே இல்லை, ஒரு கையோடு முடித்துவிடுகிறார்கள். 10க்குள் வித்தியாசம் சாதாரணம். திரும்பத் திரும்பப் பார்த்தும் 15க்கு மேல் நின்றால், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து சுருங்கியிருக்கலாம். அங்கே படிந்தது இதயக் குழாயிலும் காலிலும் படிந்திருக்கக்கூடும். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா என்று அப்பாவைக் கேளுங்கள். கணுக்கால் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கை பிரஷரால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் காலில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இனிமேல் கூடுதலாகக் காட்டும் வலது கையிலேயே பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 160/70. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: இடைவெளியைப் பாருங்கள், 90 இருக்கிறது. வயதானவர்களுக்கு இது 60ஐத் தாண்டினால், பெரிய ரத்தக்குழாய் விறைத்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். சில சமயம் வால்வு கசிந்தாலும் இப்படி வரும், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கட்டும்.

கேள்வி: அக்கா, பிரசவ நேரத்தில் பிரஷர் ஏறியது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள்மா. கர்ப்பத்தில் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருடம் ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மாமாவுக்கு பிரஷர் எப்போதும் நார்மல். ஆனாலும் அட்டாக் வந்துவிட்டதே?

பதில்: வரும். சர்க்கரை, கொலஸ்ட்ரால், பீடி சிகரெட், குடும்ப வரலாறு எல்லாம் தனிக் கணக்கு. அட்டாக் நடந்துகொண்டிருக்கும்போதே 120/80 காட்டியவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறேன். நெஞ்சை அழுத்தி வேர்த்துக் கொட்டினால் பிரஷர் மிஷினைத் தேடாதீர்கள், 108க்கு போன் போடுங்கள்.