தனியே நிலையானவை சேர்ந்தால் ஏன் எகிறுகின்றன?

ஐயா, 1/(எஸ்+1), 1/(எஸ்+2) என்ற டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்கள் (உள்ளீடு எப்படி வெளியீடாகிறது என்று சொல்பவை) கொண்ட இரண்டு அமைப்புகள். தனித்தனியே இரண்டும் நிலையானவை. முதலாவதன் வெளியீட்டை 3 மடங்காக்கி இரண்டாவதற்கும், இரண்டாவதன் வெளியீட்டை அப்படியே முதலாவதற்கும் கொடுத்தால் சிமுலேஷன் எகிறுகிறது. ஒரு குறியை மாற்றினால் அடங்கிவிடுகிறது. சுற்றிலுள்ள கெயின்களின் (சிக்னல் பெருக்கப்படும் மடங்குகளின்) பெருக்கல் 1-க்குக் கீழே இருந்தால் நிலைத்தன்மை உறுதி என்னும் ஸ்மால் கெயின் தேற்றமோ இரண்டையுமே நிராகரிக்கிறது. எதை நம்புவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

தேற்றம் நிராகரிக்கவில்லை, கைவிரிக்கிறது. அது போதுமான நிபந்தனைதான், தேவையான நிபந்தனை அல்ல.

இரண்டு இணைப்புக் கெயின்களின் பெருக்கலை க என்போம். சேர்ந்த அமைப்பின் சிறப்பியல்புச் சமன்பாடு எஸ்² + 3எஸ் + 2 − க = 0. இதன் மூலங்கள் எல்லாவற்றின் மெய்ப்பகுதியும் எதிர்மறையாக இருந்தால்தான் அமைப்பு நிலையானது. க 2-ஐத் தாண்டியதும் ஒரு மூலம் வலப்பக்கம், அதாவது நேர்மறைப் பக்கம், போய்விடும். உங்களுக்கு க = 3, மூலங்கள் 0.30, −3.30. எகிறாமல் என்ன செய்யும்? குறியை மாற்றினால் க = −3, மெய்ப்பகுதி −1.5. −100 வரை போனாலும் மெய்ப்பகுதி அதேதான், ஆட்டம்தான் வேகமாகும்.

அப்புறம் தேற்றம் எதற்கு? இரு அமைப்புகளின் உச்ச கெயின்கள் 1, 0.5, பெருக்கினால் 0.5. ஆகவே க-வின் அளவு, குறி எதுவானாலும், 2-க்குக் கீழே இருந்தால் நிலைத்தன்மை உறுதி. தேற்றம் ஃபேஸை (சிக்னல் எவ்வளவு பின்தங்குகிறது என்பதை) பார்ப்பதே இல்லை. அதனாலேயே இணைப்பில் எவ்வளவு தாமதம் புகுந்தாலும் அந்த உறுதி குலையாது. க = −3-க்கு அந்தக் காப்பு கிடையாது. லூப் கெயின் (சுற்றை ஒருமுறை சுற்றிவரும் மொத்தக் கெயின்) 0.92 ரேடியன்/விநாடியில் 1 ஆகிறது, அங்கே ஃபேஸ் மார்ஜின் (நிலை குலையும்முன் தாங்கக்கூடிய கூடுதல் பின்தங்கல்) சுமார் 112 டிகிரி. கணக்குப் போட்டால் மொத்தத் தாமதம் 2.1 விநாடியைத் தாண்டியதும் நிலை குலையும். நெட்வொர்க் வழியாக இணைப்பவர்கள் −3-ஐ நம்பி இறங்குமுன் தாமதத்தை அளந்துகொள்ள வேண்டும். மாடல் துல்லியமாகத் தெரிந்தால் ஐகன் மதிப்புகளை (சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்களை) பாருங்கள். கெயினின் வரம்பு மட்டுமே தெரிந்தால் தேற்றம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இணைப்புகளில் அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். பிளான்ட் (கட்டுப்படுத்தப்படும் அமைப்பு) 1/(எஸ்−1), அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் (எஸ்−1)/(எஸ்+1). பெருக்கினால் (எஸ்−1) அடிபட்டு, எதிர்மறைப் பின்னூட்டத்தில் 1/(எஸ்+2) என்று அழகாக வரும். அடிபட்ட போல் (pole, பகுதியைப் பூஜ்யமாக்கும் மதிப்பு, இங்கே +1) காகிதத்திலிருந்துதான் போயிற்று. சுருக்காமல், இரண்டின் உள்நிலைகளையும் சேர்த்து முழு நிலை அணியை எழுதினால் ஐகன் மதிப்புகள் −2, +1. தொடக்க நிலைகளை 0 என வைத்து ஓட்டினால் இது கண்ணில் படாமல் போகலாம். பிளான்டின் தொடக்க நிலையை 0.01 என வைத்து ஓட்டுங்கள், 10 விநாடியில் வெளியீடு 147-ஐ நெருங்கியிருக்கும்.