நாடு கடந்த இடைக்கால அரசு அமைத்து, அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சியை மீட்க முடியுமா? எங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடந்திருக்கிறது. கம்போடியாவில், 1993-ல்.

ஆனால் முதலில் வெளிநாட்டில் இடைக்கால அரசு, அப்புறம் அரசியல் சட்ட வரைவு, அப்புறம் மன்னர் திரும்புவது என்று நீங்கள் படிப்படியாகக் கேட்டிருப்பதைப் பார்த்தால், உங்களுக்கு வேண்டிய யாரோ இப்படி ஒரு அமைப்பில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. ஈரானாக இருக்கலாம், லாவோஸாக இருக்கலாம். எதுவானாலும், யாராவது பணம் கேட்டிருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நான் ராஜ விசுவாசி இல்லை, கம்யூனிஸ்டும் இல்லை. அரசியல் படித்துப் பட்டம் வாங்கியவனும் இல்லை. பாரிஸ் 13-ஆம் வட்டாரத்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தேன். சுற்றிலும் 1975-க்குப் பிறகு வந்து சேர்ந்த கம்போடியர்கள், லாவோஸ்காரர்கள், வியட்நாம் சீனர்கள். உணவக மெனு, கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, இதுதான் தொழில். ஊரில் லெட்டர்பேட் கட்சி என்று கிண்டல் செய்வார்களே, நான் ஒரு லெட்டர்பேட் அரசாங்கத்தையே அச்சடித்துக் கொடுத்தவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

லாவோஸ் முடியாட்சியை மீட்க நினைத்த ஒரு குழு அது. அப்போது பல குழுக்கள் இருந்தன, இது எது என்று கேட்காதீர்கள். அவர்களில் மூத்தவர் லாவோஸ் தலைநகர் வியன்டியானில் அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். லெட்டர்பேடின் தலையில் பழைய ராஜ்யக் கொடியில் இருந்த மூன்று தலை வெள்ளை யானையும் மேலே அடுக்குக் குடையும் வர வேண்டும். நம் ஐராவதம்தான். தந்தம் வளைவது சரியில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றச் சொன்னார். பிறகு விசிட்டிங் கார்டுகள்: பிரதமர், வெளியுறவு, பாதுகாப்பு, நிதி, கல்வி. கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை மட்டும்தான் கேட்கவில்லை. அரசியல் சட்ட வரைவும் வந்தது, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துத் தயாரித்தது. அதில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று என் கடையிலேயே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். சில மாதம் கழித்து அந்த இருவரில் ஒருவர் தனியாக வந்தார். அதே யானை, அதே குடை, முகவரி மட்டும் வேறு. குழு உடைந்துவிட்டது என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

பாக்கித் தொகையைக் கேட்டபோது மூத்தவர் சிரிக்காமல் சொன்ன பதில்: "ஆட்சி திரும்பியதும் கருவூலத்திலிருந்து முதலில் உங்களுக்குத்தான்."

இன்றுவரை வரவில்லை. ஆனாலும் அவரைக் கேலி செய்ய என்னால் முடியாது. அவர்களுடைய மன்னர் சவாங் வத்தனா, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் 1975 டிசம்பரில் முடியைத் துறந்தார், 1977-ல் ராணியோடும் பட்டத்து இளவரசரோடும் வடகிழக்கு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். யாரும் திரும்பவில்லை. பேரன் சுலிவோங் 1981-ல் மேகாங் ஆற்றைக் கடந்து தப்பி பிரான்சுக்கு வந்தார். வாரிசு உண்டு, உரிமை உண்டு, துக்கம் உண்டு. என் கடைக்கு வந்தவர்களிடம் இல்லாதது லாவோஸுக்குள்ளே ஆள்.

அதே கடைக்கு வந்துபோன கம்போடியர்களின் கதை வேறு. இங்கேதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது.

நொரோதம் சிஹானுக் 1941-ல் பட்டத்துக்கு வந்தவர். 1955-ல் தானே விலகித் தந்தையை அமர்த்திவிட்டு அரசியல்வாதியானார். 1970 மார்ச்சில் அவர் வெளிநாட்டில் இருந்தபோது பிரதமர் லோன் நோல் கூட்டம் அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. அந்த ஆண்டிலேயே கம்போடியா குடியரசானது. சிஹானுக் பீஜிங்கில் இருந்தபடி நாடு கடந்த அரசு ஒன்றை அமைத்தார். பெயரிலேயே "ராஜ்ய அரசு" என்று இருந்தது. கூட்டாளி யார்? கெமர் ரூஜ் என்ற கம்போடியக் கம்யூனிஸ்ட் படை. மன்னரின் குரல் வானொலியில் காட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தது, கிராமத்துப் பிள்ளைகள் போனார்கள். அந்த நாடு கடந்த அரசு வெற்றியும் பெற்றது! 1975 ஏப்ரல் 17-ல் தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜிடம் விழுந்தது. ஊர் திரும்பிய சிஹானுக் அடுத்த ஆண்டு பதவி விலகி, தன் அரண்மனையிலேயே காவலில் கிடந்தார். அவருடைய பிள்ளைகளில் 5 பேரும் பேரக்குழந்தைகளில் 14 பேரும் அந்த ஆட்சியில் மாண்டார்கள்.

ஆக, நீங்கள் கேட்கும் வழி முதல் தடவை ஜெயித்தபோது கிடைத்தது மன்னராட்சி அல்ல, கெமர் ரூஜ் தலைவர் போல் போட்.

1979 ஜனவரியில் வியட்நாம் படை புனோம் பென்னைப் பிடித்துத் தன் ஆதரவு அரசை அமர்த்தியது. சிஹானுக் மறுபடி பீஜிங்குக்குப் போனார், மறுபடி கூட்டணி. 1982 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்தானது: சிஹானுக் தலைவர், கம்யூனிச எதிர்ப்பாளர் சோன் சான் பிரதமர், வெளியுறவுப் பொறுப்போடு துணைத் தலைவராக கெமர் ரூஜின் கியூ சம்பான். தன் பிள்ளைகளைக் கொன்றவர்களோடு ஒரே மேஜை. எங்கள் தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்த கம்போடிய அம்மா ஒருவர், சிஹானுக் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். இந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார். பேச்சு அங்கே போனாலே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் கூட்டணி லெட்டர்பேட் அரசாங்கம் இல்லை. ஐ.நா. பொதுச்சபையில் கம்போடியாவின் இருக்கை அவர்களிடம் இருந்தது. தாய்லாந்து எல்லையில் முகாம்கள் இருந்தன, மூன்று தரப்புக்கும் தனித்தனிப் படைகள் இருந்தன. சீனா ஆயுதம் கொடுத்தது, ஆசியான் நாடுகள் முட்டுக் கொடுத்தன. (இந்தியா எதிர்ப்பக்கம். வியட்நாம் அமர்த்திய புனோம் பென் அரசை 1980-லேயே அங்கீகரித்துவிட்டது.) இவ்வளவு இருந்தும் ராணுவ வெற்றி கிடைக்கவில்லை. சோவியத் யூனியன் தளர்ந்தது, 1989-ல் வியட்நாம் படை வெளியேறியது, பெரிய நாடுகளுக்கு இந்தச் சண்டை அலுத்துப்போனது. அதற்கு முன்பே, 1987 டிசம்பரில், பாரிஸுக்கு வடகிழக்கே ஃபேர் ஆன் தார்தெனுவா என்ற சின்ன ஊரில் சிஹானுக்கும் புனோம் பென் அரசின் பிரதமர் ஹுன் சென்னும் நேரில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள்.

இந்தச் சந்திப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆட்சியில் இருந்தவருக்கு மன்னர் பயன்படுவார் என்று தோன்றிய பிறகுதான் கதவு திறந்தது. 1991 அக்டோபர் 23-ல் பாரிஸ் ஒப்பந்தம், நவம்பரில் சிஹானுக் ஊர் திரும்பினார். திறந்த காரில் ஊர்வலம், பக்கத்தில் ஹுன் சென்.

இடைக்கால அரசு என்கிறீர்களே, அந்த வேலையைச் செய்தது நாடு கடந்த கூட்டணி அல்ல. அன்டாக் என்ற ஐ.நா. நிர்வாகம். சுமார் 22,000 பேர் இறங்கினார்கள், யசுஷி அகாஷி தலைமை. பாரிஸ் ஒப்பந்தத்தில் முடியாட்சி என்ற பேச்சே கிடையாது. அது கேட்டது தேர்தல், 120 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபை, ஜனநாயக அரசியல் சட்டம். 1993 மே தேர்தலில் சிஹானுக்கின் மகன் ரணரித்தின் ஃபன்சின்பெக் கட்சி 58 இடம், ஹுன் சென் கட்சி 51. ஜூனில் கூடிய சபை 1970 கவிழ்ப்பு செல்லாது என்றது. செப்டம்பர் 24-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது, சிஹானுக் மறுபடி மன்னரானார்.

உடனே யாராவது ஸ்பெயினைச் சொல்வீர்கள். அங்கே ஹுவான் கார்லோஸை 1969-ல் வாரிசாக நியமித்ததே சர்வாதிகாரி பிராங்கோதான். நாடு கடந்த அரசு வைத்திருந்தவர்கள் குடியரசுக்காரர்கள், 1977-ல் கலைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நார்வே, நெதர்லாந்து? அங்கே முடியாட்சி ஒழிக்கப்படவே இல்லை, மன்னரும் ராணியும் லண்டனில் இருந்து திரும்பினார்கள். அவ்வளவுதான்.

"பாரிஸில் உட்கார்ந்துகொண்டு ஊர் நியாயம் பேசுகிறான்" என்று ஒரு கமெண்ட் வரும், வழக்கமாக வருகிறது. பாண்டிச்சேரிக்காரன் என்று தெரிந்தால் கூடவே பிரெஞ்சு பென்ஷன் கிண்டலும். என் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். இந்தோசீனாவில் பிரெஞ்சுச் சீருடையில் நின்றவர். 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க 6 மாதம் கொடுத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார், பெரியப்பா போடவில்லை. ஒரே வீட்டில் ஒருத்தர் பிரெஞ்சு, ஒருத்தர் இந்தியர். பெரியப்பா வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் "உங்க அப்பா எங்க தாத்தாகிட்ட சரியா சொல்லலை" என்கிறார்கள். அந்தத் தகராறில்தான் குடும்ப வீடு விற்றபோது என் பங்கும் போனது. தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டி விளக்கவா முடியும்? சரி, அது வேறு வழக்கு.

உங்கள் நண்பரிடம் நான் கேட்கச் சொல்வது, அவர் கொண்டுவர நினைக்கும் மன்னருக்கு ஊருக்குள் ஓட்டுப் போட ஆள் உண்டா என்பதைத்தான். சிஹானுக்குக்கு இருந்தது. அவர் ஆண்ட காலத்தை நினைவில் வைத்திருந்த விவசாயிகள் உயிரோடு இருந்தார்கள். ஆட்சி போய் 40, 50 வருடம் ஆன வம்சத்துக்கு அந்தத் தலைமுறையே கரைந்துகொண்டிருக்கிறது. ஈரானாக இருந்தால், கடைசி ஷாவின் மகன் ரேசா பஹ்லவி இளைஞனாக வெளிநாட்டில் இருந்தபோதே 1979-ல் அந்த முடியாட்சி போய்விட்டது. அவரே இடைக்கால நிர்வாகம், அப்புறம் மக்கள் வாக்கெடுப்பு என்றுதான் பேசுகிறார், கிரீடத்தை முன்வைத்து அல்ல. அந்த வரிசை எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. அவருக்கு ஆதரவாக எழுதுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

மீட்டபின் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்போடிய அரசியல் சட்டம் மன்னர் அரியணையில் இருப்பார், ஆளமாட்டார் என்கிறது. தன் வாரிசை நியமிக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை, அரியணைக் கவுன்சில்தான் தேர்ந்தெடுக்கும். 1993-ல் தோற்ற ஹுன் சென் விலகவில்லை, இரண்டாம் பிரதமர் என்று ஒரு பதவியை உண்டாக்கி உட்கார்ந்தார். 1997-ல் முதல் பிரதமர் ரணரித்தைப் படையை வைத்து விரட்டினார். 2004-ல் சிஹானுக் விலகியதும் பாலே கலைஞரும் பாரிஸில் யுனெஸ்கோ தூதராக இருந்தவருமான சிஹமோனி மன்னரானார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார். அரச கட்சியான ஃபன்சின்பெக் 2013-ல் ஒரு இடம்கூட இல்லாமல் போனது. 2023 தேர்தலில் 125-ல் 5.